ஏன் ராத்தாவும் பரிசுப் பாயும்

அதுக்கு, அந்த டீவி நாடகம் நல்லம் எண்டு சும்மா சொல்லிப்போட்டு எழும்பிப் போகலாமா புள்ள? ஏன் நல்லம்? சொல்லு பாப்பம். பாத்தியா, முழிக்காய். பயப்படாத, நானும் ஒரு காலத்தில உன்னப்போலதான் முழிச்சன். இப்பிடி வந்து குந்து. முற்றத்தில பாய் விரிச்சு அவிச்ச நெல்லுக் காயுது, கோழி வந்தா அந்தக் கம்பால ஒரு தட்டுத் தட்டு. நான் அந்த மனுசிட கதையச் சொல்றன்.

இப்ப நீங்க ஊடு கட்டி இரிக்கிற வளவிலதான் அவ முந்தி இருந்தா. பேரு வேணாம். பேரச் சொல்லி ஆரும் கூப்பிட்டதும் இல்ல. முகத்துக்கு முன்னால, அக்கா முறைக்கு, ராத்தா, அங்கால திரும்பினா ஏன் ராத்தா. அது அவக்கும் தெரியும். ஒரு நாள் என்னட்டக் கேக்கா, "எனக்கு ஏன் 'ஏன் ராத்தா' எண்டு பேர் வச்சிரிக்கிறியள்?" எண்டு. அல்லாவே, அதுக்கும் ஏன்!

ஒல்லி, நல்ல உசரம். கண்ணாடியில ஒரு கால் உடைஞ்சு, அதை நூல் போட்டுக் காதில கட்டியிருப்பா. மட்டக்களப்பில கொன்வெண்டில படிச்சவ, இங்கிலீசு தண்ணிபட்ட பாடு. மாப்புள அரிசி மில்லில கணக்கெழுதினவர், சத்தமில்லாத மனுசன். அவரும் என்ன செய்வார் பாவம்? ஆணம் நல்லாரிக்கி எண்டு வாய் தவறிச் சொன்னாக் காரணம் சொல்லணுமே! பேசாமத் திண்டு, கையக் கழுவிட்டு மில்லுக்குப் போயிருவார்.

மருதமுனையில இருந்து ஒரு சாரன் யாவாரி சைக்கிள்ல வருவார். மற்றத் தெருவில கண்மூடித் திறக்கிறதுக்குள்ள வித்துட்டுப் போற ஆள், எங்கட தெருவுக்கு வந்தா அரை நாள். "நல்ல சாமான் ராத்தா" எண்டுவார். "ஏன் நல்ல சாமான்?" எண்டுவா. "சாயம் போகாது." "ஏன் போகாது?" கடைசியில அந்த மனுசன் சைக்கிள மரத்தில சாத்திப்போட்டு, தறியில நூல் எப்பிடிப் போகுது, சாயம் எப்பிடிக் காய்ச்சுற எண்டு முழுக்கச் சொல்லி முடிப்பார். சாரன் வாங்குவாவா எண்டா, அது வேற கதை. ஆனா அவர் போகைக்க முகம் மலந்துதான் போவார். அவர்ட வேலயப் பத்தி அப்பிடி ஆரும் கேட்டிரிக்க மாட்டாங்க.

ஒரு கலியாண ஊட்டில என்ன நடந்த தெரியுமா? ஊட்டுக்காரர் சும்மா மரியாதைக்கு, "சாப்பாடு எப்பிடி?" எண்டு கேட்டுட்டார். எல்லாரும் நல்லம், நல்லம். இவ மட்டும், "இறைச்சி நல்லம், ஏன் எண்டா மிளகு முந்திக்கிட்டு நிக்கல்ல. சோறு நல்லமில்ல, ஏன் எண்டா நெய்ய கடைசியில ஊத்தியிரிக்கிங்க" எண்டா. அடுப்படியில இருந்த பண்டாரி அகப்பையோட வந்துட்டார் சண்டைக்கு! கதைச்சுக் கதைச்சு, கடைசியில அவவப் பாத்து, "ஓம், நெய் சொணங்கித்தான் வந்த, கடைக்குப் போனவன் பிந்திட்டான்" எண்டு ஒத்துக்கிட்டார். மறுகா எந்தக் கலியாணத்துக்கு ஆக்கினாலும் முதல் கோப்பை ஏன் ராத்தாட ஊட்டுக்கு வரும்.

சரி சரி, விசயத்துக்கு வாறன். கோழியப் பாரு.

அப்ப சவூதிக்கு ஆக்கள் போகத் தொடங்கின காலம். ராத்தாட தம்பியும் போனவர். அங்க எண்ணெய்க் கம்பனியில ஒரு அமெரிக்கக்கார எஞ்சினியருக்குக் கீழ வேலை. அந்த வெள்ளைக்காரர் ராவு பகலா கதப் புத்தகம் வாசிக்கிற ஆளாம், வாசிச்சு முடிச்சா அப்பிடியே போட்டுட்டுப் போயிருவாராம். தம்பி அதுகளப் பொறுக்கிக்கொண்டு வந்து ராத்தாக்குக் குடுத்தார். மத்த ஆக்களுக்கு செண்டுப் போத்தலும் ரேடியோவும், ராத்தாக்கு மூணு புத்தகம்.

ஒண்டிட அட்டையில ஒரு பொம்புள அரைகுறையா நிண்டா, பின்னால வானத்தில ரெண்டு நிலா. ராத்தா என்ன செஞ்சா தெரியுமா? தச்சு மிஞ்சின சீலைத் துண்ட வெட்டி, அவட மேல ஒட்டி, தலைக்கும் முக்காடு போட்டு விட்டா! "இப்பதான் ஊட்டுக்குள்ள வரலாம்" எண்டா. அவட மாப்புள அதப் பாத்துட்டு வாய்விட்டுச் சிரிச்ச, அவர்ட பல்ல நாங்க கண்டது அண்டைக்குத்தான்.

மூணு புத்தகத்திலயும் பின்னட்டையில ஒரே மாதிரி எழுதியிரிந்திச்சாம். அமெரிக்காவில ஒரு பெரிய பரிசுக்கு இதுகளத் தெரிஞ்செடுத்துப் பேர் குடுத்திரிக்கி எண்டு. "அப்ப ஆருக்குப் பரிசு கிடைச்ச?" எண்டு கேட்டம். "அது போடல்ல" எண்டா. தம்பிக்கும் தெரியா. இந்தக் கல்முனையில ஆருக்குத் தெரியும்? ராத்தா கண்ணாடியக் கழட்டி முந்தானையில துடைச்சுப்போட்டுச் சொன்னா, "அவங்க குடுத்தது கிடக்கட்டும். நம்மட தெருப் பரிச நாம குடுப்பம்."

பரிசு என்ன? எங்களுக்கு என்ன தெரியும், பாய் இழைக்கத் தெரியும். பன்புல்லுக்குச் சாயம் போட்டு, ரெட்டைப் பாயொண்டு எல்லாருமாச் சேந்து இழைக்கிற. எந்தக் கதைக்குப் பரிசோ அந்தக் கதைய எழுதின ஆளுக்குப் பாய். தம்பி கொண்டு போய் எஞ்சினியரிட்டக் குடுப்பார், எஞ்சினியர் அமெரிக்காவுக்கு அனுப்புவார். ராத்தாட சட்டம் ரெண்டு. முழுக்கக் கேக்காம ஆரும் தீர்ப்புச் சொல்லப்படாது. தீர்ப்புச் சொன்னாக் காரணம் சொல்லணும். பாயிட ஓரத்த மடிக்காம வச்சம், தீர்ப்பு வந்தாத்தான் மடிப்பு.

அது நோன்பு மாசம். பகல் லுஹர் தொழுதுட்டு அவட குசினிக்குப் பின்னால, மாமர நிழல்ல குந்துவம். பசி தெரியாது, தாகம் தெரியாது. அவ இங்கிலீச வாசிச்சு வாசிச்சுத் தமிழ்ல சொல்லுவா, எங்கட கை பன்னில ஓடும்.

முதல் புத்தகம் ஒரு கப்பல். கடல்ல இல்ல புள்ள, ஆகாசத்தில. பேரன் பூட்டன் காலம் வரைக்கும் போய்க்கிட்டே இரிக்கிற கப்பல். கேட்டு முடிய ஒரு மூத்தம்மா, "அது சரி, அந்தக் கப்பல்ல புள்ளப்பேறு பாத்தது ஆரு?" எண்டா. ராத்தா புத்தகத்தப் புரட்டிப் புரட்டிப் பாக்கா. மருத்துவிச்சி இல்ல! சோறாக்கினது ஆரு? அதுவும் இல்ல! "அத்தினை தலமுறை பொறந்திரிக்கி, ஒரு தொப்புள் கொடி அறுக்க ஆளில்லாத கதைக்கு என்னத்துக்குப் பாய்?" அதோட அந்தக் கப்பல் தாழ்ந்து போச்சு.

ரெண்டாவது, ஒரு ஆறு கோவிச்சுக்கிட்டு எழும்பிப் போற கதை. மெய்யாத்தான். ஒரு ஊர்ல இரிந்த ஆறு, ஒரு நாள் விடியக்குள்ள படுக்கையோட சுருட்டிக்கிட்டுப் போயிட்டு. ராசா பட்டாளத்த அனுப்பினார், மந்திரக்காரன அனுப்பினார், ஆறு வரல்ல. கடைசியில ஒரு தோணிக்காரி தனியப் போனா. ராத்தாக்கு இது அவ்வளவு புடிக்கல்ல. "பேய்க்கதை மாதிரிக் கிடக்கு" எண்டா. ஆனா எங்கட முகத்தப் பாத்துட்டுப் பேசாம வாசிச்சா.

மூணாவதுதான் அவட உசிர். ரெண்டு பிறை காய்ற ஒரு உலகம். பெரிய பிறையக் கண்டு நாள் கணக்குப் பாக்கிற ஊர் ஒண்டு, சின்னப் பிறையக் கண்டு பாக்கிற ஊர் ஒண்டு. இந்த ஊர்ப் பொடிச்சி, அந்த ஊர்ப் பொடியன். தலைப்பிறையில சந்திப்பம் எண்டு சொல்லிக்குவாங்க, இவட தலைப்பிறை அவனுக்குத் தேய்பிறை. போய்ப் போய் நிண்டு திரும்பி வாறதுதான் கதை. வாசிக்கைக்க ராத்தாட குரல் ஏறும்.

அந்தக் குரலாலதான் வினை வந்த.

நோன்பு முடியப் போகுது. அண்டைக்கு அந்தியில பிறை தெரிஞ்சா விடிஞ்சாப் பெருநாள், தெரியாட்டி இன்னொரு நோன்பு. பெருநாள் முடிஞ்ச கையோட தம்பி போறார். புத்தகம் இன்னும் முடியல்ல. அதால பின்நேரம் அசருக்குப் பிறகும் வாசிச்சுக்கிட்டு இரிந்தம். பொழுது சாயுது, மஃரிபுக்குக் கிட்டவாகுது. கதையில ஆக்கள் எல்லாம் மலையில ஏறி நிக்காங்க. ராத்தாவும் எழும்பி நிண்டா. நிண்டு, கையத் தூக்கி, ஊர் கேக்கக் கத்தினா: "பிறை கண்டாச்சு! பிறை கண்டாச்சு! அந்தா, மேற்கால பாருங்க!"

கிடுகு வேலிக்கு அங்கால ஒரு மாமி. கண் சரியாத் தெரியா, காது நல்லாக் கேக்கும். அவ வேற என்னத்த நினைப்பா? அல்ஹம்துலில்லாஹ் எண்டு சொல்லி, அடுத்த வேலிக்குச் சொல்லிட்டா. அந்த வேலி அதுக்கடுத்த வேலிக்கு. நோன்பு துறக்க முந்தியே தெருவெல்லாம் தேங்காய் துருவுற சத்தம்! சக்கரைய உடைக்காங்க, முட்டைய அடிக்காங்க, வட்டிலப்பத்துக்கு அடுப்பு மூட்டியாச்சு. பள்ளிவாசல் நடத்துற மரைக்கார்ட பொஞ்சாதியும் ஊட்டில இரிந்த முட்டை எல்லாத்தையும் உடைச்சு ஊத்திட்டா.

மரைக்கார் எங்க இரிக்கார்? பள்ளி மொட்டை மாடியில நிண்டு மேற்கப் பாத்துக்கிட்டு இரிக்கார். ஒரே மேகம். ஒண்டும் தெரியல்ல. பிறைக்குச் சாட்சி விசாரிக்கிறவரே அவர்தான். இறங்கி வாறார், ஆக்கள் கட்டிப்புடிச்சுப் பெருநாள் வாழ்த்துச் சொல்றாங்க! மனுசன் எப்பிடியிரிந்திரிப்பார்?

விடிஞ்சு நோன்போட வந்து நிண்டார் ராத்தாட முற்றத்தில. நாங்க எல்லாம் அடுப்படிக்குள்ள ஓடி ஒளிச்சம். ராத்தா கதவுச் சீலைக்கு உள்ளுக்க நிண்டா.

"புள்ள, இந்தப் புத்தக வாசிப்பு இண்டையோட சரி" எண்டார் மரைக்கார். "நோன்பு காலத்தில ஊரையே ஆட்டி வச்சிட்டியள். எங்கட ஊட்டு முட்டையும் போச்சு."

"முட்டைக்கு மன்னிச்சிக்கோங்க மாமா. சத்தம் போட்டதும் பிழைதான். ஆனா வாசிப்ப ஏன் நிப்பாட்டணும்?"

"கூடாத கதை, அதான்."

"ஏன் கூடாது?"

"ரெண்டு பிறையாம்! அதுவும் ஒரு கதையா?"

"மாமா முழுக்கக் கேட்டீங்களா?"

"நான் ஏன் கேக்க?"

தம்பி நாளையிண்டைக்குப் போறார். இண்டைக்கு முடியாட்டி ராத்தாட சட்டப்படி தீர்ப்பில்ல. தீர்ப்பில்லாட்டிப் பாய் போகாது. மாசம் முழுக்க இழைச்ச பாய், ஓரம் மடிக்காம மூலையில சாஞ்சு கிடக்கு. ராத்தா கதவுச் சீலைக்குக் கிட்ட வந்தா.

"மாமா, ஆராச்சும் வந்து பிறை கண்டன் எண்டா நீங்க என்ன செய்வீங்க?"

"இரித்தி வச்சு விசாரிப்பன். எங்க நிண்டாய், எந்தப் பக்கம் கண்டாய், கூட ஆரு நிண்ட எண்டு எல்லாம் கேப்பன்."

"விசாரிக்காமப் பொய் எண்டு சொல்லுவீங்களா?"

மரைக்கார் தொப்பியக் கழட்டித் தலையத் தடவினார். மறுகா, "கதிரையொண்டு போடு" எண்டார்.

புள்ள, அந்தப் பகல நினைச்சா எனக்கு இப்பவும் சிரிப்பு வருது! அவர் மாமரத்தடி வேலிக்கு அந்தப் பக்கம் கதிரையில, நாங்க இந்தப் பக்கம் பாயில. இண்டைக்கு ராத்தா குரல இறக்கித்தான் வாசிச்சா. கொஞ்ச நேரத்தில வேலிக்கு அங்கால இரிந்து சத்தம்: "கேக்கல்ல, கொஞ்சம் உரத்து வாசி!" நாங்க வாயப் பொத்திக்கிட்டம். இன்னும் கொஞ்சம் போக, "நில்லு. அந்தச் சின்னப் பிறையக் கண்டவன் மலையில நிண்டவனா, கரையில நிண்டவனா?" "மலையில மாமா." "அப்ப அவன்ட சாட்சி செல்லும். மேல வாசி."

லுஹருக்குப் போனார், ஓடி வந்தார். "நான் இல்லாத நேரம் வாசிச்சியளா?" எண்டு கேட்டார். வாசிக்கல்ல எண்டு சொன்ன பிறகுதான் இரிந்தார். அசருக்குப் பிறகு கதை முடிஞ்ச. கடைசியில ரெண்டு பிறையும் ஒரே அந்தியில ஒண்டாப் பொறக்கும். அந்தப் பொடிச்சி முதல்லயே வந்து நிப்பா, கிழவியாகி. அவனும் தடிய ஊண்டிக்கிட்டு வருவான். அவ்வளவுதான். வேலிக்கு அங்கால மூக்கு உறிஞ்சிற சத்தம் கேட்ட.

இனித் தீர்ப்பு. ஒவ்வொருத்தரா ராத்தா கேக்கா. ஒருத்தி ரெண்டு பிறை எண்டா, ஏன் எண்டு கேட்டா காரணம் வரல்ல, தள்ளுபடி. ஒருத்தி ஆறு எண்டா, அவக்கும் வாய் வரல்ல, தள்ளுபடி. மறுகா ராத்தா என்னப் பாத்து, "நீ சொல்லு" எண்டா.

எனக்கு அப்ப சின்ன வயசு புள்ள. கலியாணம் முடிச்சு அந்தத் தெருவுக்கு வந்து கொஞ்ச நாள்தான். பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவள். இந்தச் சீலை வேணுமா, இந்த மாப்புள வேணுமா எண்டு கூட என்னட்ட ஆரும் கேட்டதில்ல. "எனக்கென்ன தெரியும் ராத்தா" எண்டன்.

"கேட்டாயெல்லா? கேட்டவளுக்குத் தெரியும். ஆத்துக் கதையா, பிறைக் கதையா?"

"ஆறு."

"ஏன்?"

எனக்குக் கண்ணில தண்ணி முட்டிட்டு. ஆனா வாய் தானாத் திறந்த. "ராசாவும் வா எண்டுதான் சொன்னார், மந்திரக்காரனும் வா எண்டுதான் சொன்னான். அந்தத் தோணிக்காரி மட்டும்தான் பக்கத்தில குந்தி, ஏன் போன எண்டு கேட்டா. அதாலதான் ஆறு திரும்பி வந்த."

ராத்தா கண்ணாடியக் கழட்டினா. அவக்கு உசிரான புத்தகம் மடியில கிடக்கு, சீலை ஒட்டின அட்டையோட. அந்த அட்டைய ஒரு தடவு தடவினா. மறுகா என்னப் பாத்துச் சிரிச்சா பாரு, அப்பிடியொரு சிரிப்ப நான் பெருநாள் பிறைக்கும் கண்டதில்ல. "இதுதான் காரணம்" எண்டா. "இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

மத்த எல்லாரும் ஆத்துப் பக்கம் சாஞ்சிட்டாங்க. ஒரேயொரு ஆள் மட்டும் ஒத்துக்கல்ல. வேலிக்கு அங்கால இரிந்து, "அதெப்பிடி? பிறைக் கதையில சாட்சி பிழைக்கல்ல, கணக்குப் பிழைக்கல்ல. பரிசு அதுக்குத்தான்!" எண்டு சத்தம் போட்டார் மரைக்கார். மாமி ஒருத்தி, "காலையில கூடாத கதை எண்டீங்களே மரைக்கார்?" எண்டா. "காலையில நான் கேக்கல்லியே!" எண்டார். தெருவே சிரிச்ச.

அந்த அந்தியில நோன்பு துறக்கைக்க எல்லா ஊட்டிலயும் முந்தின நாள் வட்டிலப்பம். கஞ்சியோட வட்டிலப்பம் திண்ட நோன்பு உலகத்தில எங்கட தெருவுக்கு மட்டும்தான் கிடைச்சிரிக்கும். திண்டுட்டு எல்லாருமாக் குந்திப் பாய் ஓரத்த மடிச்சம்.

பெருநாள் முடிஞ்சு தம்பி பெட்டி கட்டுறார், மரைக்கார்ட பொஞ்சாதி முக்காட்ட இழுத்துக்கிட்டு வாறா. கையில ஒரு சின்னப் பாய். தொழுகைப் பாய் அளவு. "எங்கட ஊட்டு மனுசன் இரிந்து இழை எண்டு என்னோட ஒரே கரச்சல்" எண்டா. "தோத்த புத்தகக்காரருக்காம்." ராத்தா அத வாங்கி நெஞ்சோட வச்சா. ஏன் எண்டு அவ கேக்காமச் சாமான் வாங்கினது அண்டைக்கு மட்டும்தான்.

தம்பி பெரிய பாயையும் சின்னப் பாயையும் எஞ்சினியரிட்டக் குடுத்ததாச் சொன்னார். வெள்ளைக்காரர் சிரிச்சாராம், அனுப்புறன் எண்டாராம். அதுக்குப் பிறகு ஒரு சங்கதியும் இல்ல. ராத்தாவும் வயசான காலத்தில மகளோட மருதமுனைக்குப் போய், அங்கதான் கண்ண மூடி மவுத்தானா. அல்லாஹ் என்ன மன்னிக்கணும், கபுறுக் குழிக்குள்ள கேள்வி கேக்க வந்த வானத்து மலக்குமாரையே ஏன் எண்டு கேட்டிரிப்பா அந்த மனுசி!

நான் சில நேரம் நினைக்கிற. அமெரிக்காவில ஆரோ ஒருத்தர் ஊட்டுக் கதவத் திறக்கார். வாசல்ல பன்பாய் கிடக்கு. எங்கயோ கல்முனையாம், ஆரோ பொம்புளகளாம். கையில எடுத்து மூக்கில வச்சு மணந்து பாக்கார். அவரும் அதத்தானே கேட்டிரிப்பார்? ஏன்? எனக்கு ஏன்? என்னட்டக் கேட்டாக் காரணம் கிடக்கு. இண்டைக்கும் அப்பிடியே சொல்லுவன்.

அல்லாவே, அங்க பாரு, கடல் பக்கம் கறுத்துக்கிட்டு வருது! எழும்பு புள்ள, எழும்பு, நெல்லு நனையப் போகுது. நீ அந்தத் தொங்கலப் புடி, நான் இந்தத் தொங்கலப் புடிக்கிறன். மெல்லமாத் தூக்கு, பழைய பாய், இழுத்தாக் கிழிஞ்சிரும். ம், இப்பிடி. நடக்க நடக்க யோசி, உள்ளுக்க போனதும் கேப்பன், அந்த நாடகம் ஏன் நல்லம்?